கணவாயைக் கடப்போம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் கடை வைத்துப் பிழைக்கும் இவ்வூருக்குத் தானா ராத்தா என்று பெயர். மலாய் மொழியில் சமமான நிலம் என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமே, கடைத்தெரு சமமாகத்தான் இருக்கிறது. ஆனால், கடைத்தெருவை விட்டு நாலெட்டு வைத்தோமானால், எப்பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லையேல் இறக்கம். தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும், மலைச் சரிவை ஒட்டிய வீடுகளுக்கும் போகிற வழியெல்லாம் மூச்சு வாங்க வைக்கும் வழிகளே. காலில் வலுவுள்ளவன் ஏறி இறங்கி விடுகிறான். வயது எழுபதைத் தாண்டி, முழங்கால் வீங்கி, கண்ணும் மங்கிப்போன ஒருவர் அவ்வழியே இறங்கி வந்து, ஒரு வேளைச் சோற்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறிப் போவது எப்படி? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

திருக்குர்ஆனின் 90-வது அத்தியாயம் ஸூரத்துல் பலது. அதில் அல்லாஹுத்தஆலா மனிதனுக்குத் தான் கொடுத்த இரு கண்களையும், நாவையும், உதடுகளையும் எடுத்துச் சொல்லி, நன்மை தீமை என்னும் இரு வழிகளையும் காட்டியிருப்பதைச் சொல்லி, இத்தனைக்கும் பிறகு அவன் அந்தக் கணவாயைக் கடக்கத் துணியவில்லையே என்று கேட்கிறான். கணவாய் என்றால் மலைகளுக்கிடையே ஏறிப்போகும் கடினமான பாதை. அந்தக் கணவாய் எதுவென்று அவனே விளக்கமும் தருகிறான். அடிமையின் தளையை அறுத்து விடுவது. பசி வாட்டும் நாளில் உறவுள்ள அனாதைக்கோ, மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் ஏழைக்கோ உணவளிப்பது. இதுவே அக்கணவாய்.

கருணையுள்ள சகோதரர்களே! உணவளித்தலைச் சொல்லும்போது மலையேற்றத்தைச் சொல்வானேன்? சிந்தித்துப் பாருங்கள். வாசலுக்கு வந்து நிற்பவனுக்கு ஒரு பிடி சோறு போடுவது சமதரையில் நடப்பது போன்றது. நம்மில் எவரும் அதில் குறை வைப்பதில்லை. வர முடியாதவன் எங்கே இருக்கிறான் என்று தேடி, அவன் இருக்கும் இடத்துக்கு நாம் ஏறிப் போவதுதான் கடினம். அந்த ஏற்றத்தைத்தான் இறைவன் நம்மிடம் எதிர்பார்க்கிறான் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இவர்கள் யார்?

நம் மலையிலும் மலைக்கு அப்பாலும் தனித்திருக்கும் வயோதிகர்கள் எல்லா இனத்திலும் உண்டு. மலாய்க்காரர், சீனர், தமிழர், ஓராங் அஸ்லி என்று யாரையும் இதில் பிரிக்க முடியாது. ஆயினும், தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த தமிழரை முதலில் நினைக்கக் காரணம் உண்டு.

போ தேயிலைத் தோட்டம் 1929-ல் தொடங்கப்பட்டது. பாரத் தேயிலைத் தோட்டம் 1933-ல் வந்தது. அந்தக் காலத்தில் இது அடர்ந்த காடு. காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, கொழுந்து நட்டு, இன்று வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துப்போகும் பச்சை மலையாக ஆக்கியதில் தமிழ்த் தொழிலாளரின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கங்காணிகள் வழியாக இந்தியாவிலிருந்து ஆள் சேர்க்கும் முறை 1938-ல் நின்றுபோனது. அதற்கு முன் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்து, இங்கேயே கூடை சுமந்து, இங்கேயே முதுமை அடைந்தார்கள். இன்று கொழுந்து பறிப்பவரில் பெரும்பாலோர் வங்காள தேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். பழைய தொழிலாளியின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்னும் நிலை தோட்டப்புறங்களில் பலருக்கு நேர்ந்தது. அப்படி விட்டவர்கள் ஓர் அறையையோ, ஒரு கொட்டகையையோ பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

வணிகர்களாகிய நாம் ஒன்றை மறக்கலாகாது. மலாயா நாட்டின் தோட்டப்புறங்களில் நம் முன்னோரின் கடைகள் எதை நம்பி நின்றன? சம்பள நாளை நம்பி நின்றன. மாதம் முழுவதும் அரிசியும் பருப்பும் புளியும் துணியும் கடனாகக் கொடுத்து, சம்பள நாளில் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். அந்தத் தொழிலாளி வாங்கியதால்தான் கடை நடந்தது. கடை நடந்ததால்தான் ஊரில் வீடு கட்டினோம், பெண்ணுக்குக் கலியாணம் செய்தோம், பள்ளிவாசலுக்கு வக்பு எழுதினோம். அவர் தம் பற்றைத் தீர்த்துவிட்டார். நம் பக்கத்தில் ஏதும் பாக்கி இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

கேட்காதவரின் பசி

பசித்தவர் எல்லாரும் வாய் திறந்து கேட்டுவிடுவதில்லை. ஸூரத்துல் பகராவின் 273-வது வசனத்தில் இறைவன் ஒரு வகை ஏழைகளைப் பற்றிச் சொல்கிறான். அவர்களுடைய தன்மானத்தைக் கண்டு, விவரம் அறியாதவன் அவர்களைச் செல்வர்கள் என்றே எண்ணிவிடுவானாம். அவர்கள் எவரிடமும் வருந்தி வருந்திக் கேட்க மாட்டார்களாம். வயோதிகர்களில் பெரும்பாலோர் இவ்வகையினரே. உழைத்துச் சாப்பிட்ட கை நீட்டிக் கேட்கக் கூசும்.

2021-ம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். வீட்டில் உணவு இல்லாதோர் வாசலில் ஒரு வெள்ளைக் கொடியைக் கட்டலாம். கண்டவர் உதவலாம் என்றொரு முயற்சி மக்களிடையே பரவிற்று. நல்ல முயற்சி, அதனால் பசியாறியவர் பலர். ஆயினும் கொடி கட்டுவதற்கும் ஒரு மனம் வேண்டும். கட்டிய கொடியைப் பார்க்க அந்த வழியே ஒருவர் போகவும் வேண்டும். மேட்டு வீட்டின் கொடி யார் கண்ணில் படும்?

தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டு ஜூலை மாதம் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார். குழந்தைகளுக்காக வந்த அத்திட்டம் பின்னர் முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் நீட்டிக்கப்பட்டது. தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்கு வரக்கூடிய முதியவர் அதனால் பயன் பெற்றார். படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்கு அந்தக் கூடம் பத்து வீடு தள்ளி இருந்தாலும் பத்து மைல் தூரந்தான். சமையல் எவ்வளவு பெரிதாக நடந்தாலும், கடைசிப் பத்து வீட்டுத் தூரத்தை ஒரு மனிதன்தான் நடந்து கடக்க வேண்டும்.

இந்நாட்டு முதியோரின் நிலையை அறிய 2018-ல் தேசிய சுகாதார ஆய்வு ஒன்று நடந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் சத்துக் குறைவால் நலிந்திருந்தார்கள். மேலும் இருபத்துமூன்று பேர் அந்த ஆபத்தின் விளிம்பில் இருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் பத்தில் மூவர்! பஞ்சமில்லாத நாட்டில், கடைக்குக் கடை சோறு வெந்துகொண்டிருக்கும் நாட்டில், இந்தக் கணக்கு. காரணம் அரிசியின் பற்றாக்குறை மட்டுமன்று. முதுமையில் பசியும் தாகமும் உணர்வு மங்கிப் போகின்றன, பல் இல்லை, அடுப்பை மூட்டக் கை நடுங்குகிறது, தனக்கு ஒருத்திக்காக உலை வைப்பானேன் என்று தோன்றுகிறது. காலையில் ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பிஸ்கோத்தும், இரவிலும் அதுவே. இப்படியே நாட்கள் போனால் தசை கரைகிறது. தசை கரைந்தால் கால் தடுமாறுகிறது. ஒரு நாள் குளியலறையில் விழுந்தால், அத்தோடு எழுவதில்லை.

உலகில் செய்து காட்டியவர்கள்

இதை உணர்ந்து செயலில் இறங்கியவர்கள் உலகில் உண்டு. நல்லது எங்கே நடந்தாலும் அதிலிருந்து பாடம் பெறுவது முஃமினுக்கு அழகு.

இங்கிலாந்தில் 1938-ல் பெண்கள் தன்னார்வச் சேவை என்னும் சங்கம் உருவாயிற்று. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ம் ஆண்டிலேயே அச்சங்கத்துப் பெண்கள், முதியோர் வீடுகளுக்குச் சூடான உணவைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். குண்டு விழும் காலத்திலும் அவர்களுக்கு இதற்கு நேரம் இருந்தது! அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1954-ல் இத்தகைய சேவை ஆரம்பமானபோது, உணவைச் சுமந்து சென்றவர்களில் பலர் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள்.

ஆஸ்திரேலியாவின் தெற்கு மாநிலத்தில் டோரிஸ் டெய்லர் என்றொரு மாதரசி இருந்தார். சிறு வயதில் விழுந்ததனால் உடல் செயலிழந்து, வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்தவர். அவர் 1953-ல் இதற்கென ஒரு சங்கத்தை அமைத்தார். மறு ஆண்டே போர்ட் அடிலெய்டில் ஒரு சமையற்கூடத்திலிருந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சில முதியவர்களுக்கு முதல் உணவு புறப்பட்டது. முதியோரை அவரவர் வீட்டை விட்டுப் பெயர்த்து இல்லங்களில் அடைக்காமல், சொந்தக் கூரையின் கீழேயே மானத்தோடு வாழ வைக்க வேண்டும் என்பதே அந்த அம்மையாரின் நோக்கம். நடக்க முடியாத ஒரு பெண்மணி மற்றவர் கால்களை இந்த நற்பணிக்கு நடக்க வைத்தார். இரண்டு காலும் நன்றாயிருக்கிற நாம் என்ன சொல்லப் போகிறோம்?

இன்னொரு செய்தியும் கேளுங்கள். அமெரிக்காவில் 626 முதியவர்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2015-ல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் தொண்டர் ஒருவர் சூடான உணவைக் கொண்டு வந்து கொடுத்தார். இன்னொரு பகுதியினருக்கு உறைய வைத்த உணவு வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக வந்தது. மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள். நாள்தோறும் ஆள் வந்த வீடுகளில்தான் மனக் கவலையும், தனிமையும், தடுக்கி விழுவதும் மற்றவர்களைவிடக் குறைந்தன. சோறு இரு சாராருக்கும் கிடைத்தது. கதவைத் தட்டிய கை ஒரு சாராருக்குத்தான் நாளும் கிடைத்தது. வயோதிகருக்கு வயிற்றுப் பசியோடு மனிதப் பசியும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பெரியோர் காட்டிய வழி

இவற்றையெல்லாம் பிறரிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. நம் வரலாற்றிலேயே இருக்கிறது. நாம்தான் மேடையில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாவுக்கு வெளியே சென்றபோது, வெறும் நீரைக் கொதிக்க வைத்துக் குழந்தைகளை ஏமாற்றிக்கொண்டிருந்த ஒரு தாயைக் கண்டார்கள். பைத்துல்மாலுக்கு ஓடிவந்து, மாவு மூட்டையைத் தம் முதுகில் ஏற்றச் சொன்னார்கள். கூடவந்த அஸ்லம், தாம் சுமப்பதாகக் கூறியபோது, கியாமத்து நாளில் தம் சுமையை அவர் சுமப்பாரா என்று கேட்டுவிட்டுத் தாமே சுமந்தார்கள். தாமே அடுப்பை ஊதிச் சமைத்தார்கள். பிள்ளைகள் உண்டு சிரிக்கும் வரை அங்கேயே காத்திருந்தார்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உடனே திரும்பாமல், சிரிப்பைக் காணும் வரை இருந்தார்களே, அதைக் கவனியுங்கள்.

அந்த உமர் (ரலி) அவர்களையும் ஒருவர் முந்திக்கொண்ட செய்தியை இமாம் சுயூத்தி (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். மதீனாவின் ஓரத்தில் கண் தெரியாத கிழவி ஒருத்தி இருந்தாள். உமர் (ரலி) இரவில் போய் அவளுக்குத் தண்ணீர் இறைத்து வைத்து, வீட்டு வேலைகளைக் கவனித்து வந்தார்கள். சில நாட்களாக, தாம் போவதற்கு முன்பே எல்லா வேலையும் முடிந்திருப்பதைக் கண்டு, யாரென்று மறைந்திருந்து பார்த்தார்கள். வந்தவர் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள், அன்றைய கலீபா! நாட்டை ஆள்பவருக்குக் கிடைத்த நேரம் கடை ஆள்பவருக்குக் கிடைக்காதா?

ஹுஸைன் (ரலி) அவர்களின் மைந்தர் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் மறைந்தபோது, உடலைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் தழும்புகளைக் கண்டார்கள். இரவில் மூட்டை சுமந்து ஏழைகளின் வாசலில் வைத்துச் சென்றவர் யார் என்பது அன்றுதான் மதீனாவாசிகளுக்குத் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் பெயரை மறைத்த அந்த முதுகு எங்கே, ஒரு பொட்டலத்தைக் கொடுப்பதற்குள் கைத்தொலைபேசியில் நாலு படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பும் நம் கை எங்கே!

தர்மத்தைச் சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் வீணாக்காதீர்கள் என்று ஸூரத்துல் பகரா எச்சரிக்கிறது. உணவளிப்பது அல்லாஹ்வுக்காகவே, பெறுபவரிடம் கைம்மாறும் வேண்டாம், நன்றியும் வேண்டாம் என்பது நல்லடியார்களின் இயல்பு என்று 76-வது அத்தியாயம் கற்பிக்கிறது. படம் எடுப்பது நன்றியை வற்புறுத்தி வாங்குவதே ஆகும். அந்த முதியவரின் முகம் அவருக்குச் சொந்தம். ஒரு தட்டுச் சோற்றுக்கு அதை நாம் விலைக்கு வாங்கிவிட முடியாது.

மாற்று மதத்தவருக்கும் கொடுக்கலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்து வீட்டு யூதருக்கு அனுப்பினீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். முதுமையில் பிச்சையெடுத்த யூதர் ஒருவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கருதி, பைத்துல்மாலிலிருந்து உதவ ஆணையிட்டதாக இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள் எழுதிய நூலில் காண்கிறோம். இளமையில் பயன் பெற்றுக்கொண்டு முதுமையில் கைவிடுவது! நம் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும்போது இச்சொல் நம்மையும் சுடவில்லையா? ஸக்காத்தை அதற்குரிய முறையில் மாநிலச் சமய மன்றத்தின் வழி செலுத்துவோம். இந்தச் சோறு ஸதகா. அதற்கு எல்லா வாசலும் திறந்தே இருக்கின்றன.

முப்பது நாளும் முந்நூறு நாளும்

நமக்கு இந்தப் பழக்கம் புதிதன்று. நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். தமிழ் முஸ்லிம்கள் போன இடமெல்லாம் அண்டாவையும் கூடவே கொண்டுபோனோம். பினாங்கானாலும் சிங்கப்பூரானாலும் ரமலான் பிறந்தால் பள்ளிவாசலில் கஞ்சி காய்கிறது. அஸருக்குப் பின் சிறுவர்கள் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். தங்கள் வீட்டுக்கு வாங்குவதோடு, மூலை வீட்டில் தனியே இருக்கும் பெத்தாவுக்கும் ஒரு தூக்கு வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். முதியோர் வீட்டுக்கு உணவு கொண்டுபோகும் சேவை இதுவல்லாமல் வேறென்ன?

ஆனால், ஷவ்வால் பிறை தெரிகிறது. அண்டா கழுவிக் கவிழ்க்கப்படுகிறது. தூக்குச்சட்டி பரணில் ஏறுகிறது. பெத்தாவின் பசி மட்டும் பரணில் ஏறுவதில்லை. முப்பது நாள் நினைவில் இருந்தவள் மற்ற முந்நூறு நாளும் எங்கே போனாள்? செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, சிறிதாயினும் விடாமல் செய்யப்படுவதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். பெருநாளில் நூறு பேருக்குப் பிரியாணி போடுவதை நாம் குறை கூறவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே ஒரு கிழவிக்கு நாள்தோறும் ரசமும் சோறும் போவது அதைவிடக் கடினம் என்பதையே சொல்கிறோம். கணவாய் அங்கேதான் இருக்கிறது.

செய்யும் முறை

வணிகர்களிடம் பேசும்போது கணக்கோடு பேச வேண்டும். பெரிய நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம். சாப்பாட்டுக் கடைகளில் முற்பகலிலேயே சோறு வெந்துவிடுகிறது. கடைக்கு இரண்டு சாப்பாடு என்று பத்துக் கடைக்காரர் நிய்யத்துச் செய்தால், இருபது முதியவர்களுக்கு அன்றாடம் ஒரு வேளை உணவு ஆயிற்று. மளிகைக் கடைக்காரர் அரிசியும் பருப்பும் தரலாம்; துணிக்கடைக்காரர் டிபன் கேரியர் வாங்கித் தரலாம்; வண்டி உள்ளவர் வண்டியைத் தரலாம். எதுவும் இல்லாதவர் தம் காலைத் தரலாம். அதுவே இவற்றில் விலை உயர்ந்தது.

அனுப்பும் உணவு எப்படி இருக்க வேண்டும்? நாமே வாங்கினால் முகம் சுளித்துக்கொண்டு வாங்கக்கூடிய பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்பது இறைவன் கட்டளை. விற்காத சரக்கைத் தள்ளிவிடும் வழியாக இதை ஆக்கிவிடக் கூடாது. மீந்ததை அனுப்பாமல், முதலில் எடுத்து வைத்து அனுப்ப வேண்டும். சோறு குழைந்திருக்கட்டும், உப்பும் எண்ணெயும் குறைந்திருக்கட்டும், பருப்போ, மீனோ, முட்டையோ தவறாமல் இருக்கட்டும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர் யார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்துப் பெரியவர்களுக்கு மாட்டிறைச்சி கூடாது; மரக்கறி மட்டுமே உண்பவருக்கு மரக்கறி. நம் மலைக் குளிரில் சோறு விரைவில் ஆறிவிடும். ஆகவே சூடு தாங்கும் பாத்திரத்தில் அடைத்து, சமைத்த சூட்டோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பதைக் கடைக்காரர்களாகிய நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கொண்டுபோகிறவர் கூடியவரை ஒரே ஆளாக இருக்கட்டும். ஒரே நேரத்துக்குப் போகட்டும். முதியவர் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பார். முகம் கழுவி, தலை வாரி உட்கார்ந்திருப்பார். கதவைத் தட்டியதும் வைத்துவிட்டு ஓடாமல், "பாட்டியம்மா, நல்லா இருக்கீங்களா? ராத்திரி தூங்கினீங்களா? மருந்து குடிச்சாச்சா?" என்று கேட்டு, பதிலைக் கேட்கும் வரை நிற்க வேண்டும். நேற்றைய பாத்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சோறு அப்படியே இருந்தால் ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்று அறியலாம். தட்டியும் கதவு திறக்கவில்லை என்றால் அதை அலட்சியம் செய்யாமல் அண்டை வீட்டாரை அழைக்க வேண்டும். நம் ஊரில் சுல்தானா ஹாஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. தேவைப்பட்டால் உடனே அங்கே சொல்ல வேண்டும். தனித்து வாழும் முதியோர் வீடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் திட்டம் சமூக நல இலாகாவிடமும் உண்டு. அவர்களோடும் தொடர்பு வைத்துக்கொள்வது நலம். பெண்கள் தனித்திருக்கும் வீடுகளுக்குப் பெண்களோ, இருவராகவோ போவது முறை. கனமழையில் மண் சரியும் நாட்களில் யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். அத்தகைய நாளுக்கென்று பால் மாவும் பிஸ்கோத்தும் முன்னதாகவே அவ்வீடுகளில் இருக்கச் செய்யலாம்.

பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளை விடுமுறை நாளில் கூட அழைத்துச் செல்லுங்கள். பெரியோரைக் கண்ணியம் செய்யாதவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்னும் நபிமொழியை நூறு தடவை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு முறை தூக்குச்சட்டியைச் சுமந்து ஏறினால் அது அவர்கள் உள்ளத்தில் பதியும்.

பிள்ளைகள் பார்க்கட்டுமே!

அவரவர் பெற்றோரை அவரவர் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். உண்மை, முதற்கடமை பிள்ளைகளுடையதே. பெற்றோரை நோக்கி 'சீ' என்றும் சொல்லாதே என்பது திருமறையின் கட்டளை. ஆனால், இந்தக் கேள்வியைக் கேட்கும் நாம் நம்மையே பார்த்துக்கொள்வோம். கடையநல்லூரிலும், கீழக்கரையிலும், நாகூரிலும், இன்னும் எத்தனையோ ஊர்களிலும் நம்மவரின் உம்மாவும் வாப்பாவும் இருக்கிறார்கள். மாதம் தவறாமல் பணம் போகிறது, அல்ஹம்துலில்லாஹ். பணத்தை வடித்துச் சோறாக்கி, தட்டில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு வாய் சாப்பிடும்மா" என்று சொல்வது யார்? பக்கத்து வீட்டு ராத்தாவோ, எதிர்வீட்டு மாமியோ சொல்கிறார்கள். நாம் அறியாத கைகள் நம் பெற்றோருக்குச் செய்வதை, வேறொருவரின் பெற்றோருக்கு நாம் இங்கே செய்கிறோம். அப்படித்தான் இந்த உலகம் நிலைத்திருக்கிறது. அதோடு, நம் பெற்றோரிடம் அடிக்கடி பேசவும், ஆண்டுக்கொரு முறையேனும் போய்ப் பக்கத்தில் இருக்கவும் இந்தப் பணியே நம்மைத் தூண்டட்டும்.

நம் இனத்தில் பிறந்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியை அறியாத தமிழர் இல்லை. அவரும் வணிகரே. கப்பல் ஓட்டி ஈட்டிய செல்வத்தை அவர் எவ்வளவு சேர்த்தார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. பஞ்ச காலத்தில் அன்னமிட்டவர் என்று படிக்காசுப் புலவர் பாடினாரே, அந்த அன்னம்தான் நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

சகோதரர்களே! கியாமத்து நாளில் நடக்கவிருக்கும் ஓர் உரையாடலை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். தான் உணவு கேட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று இறைவன் அடியானைப் பார்த்துக் கேட்பான். அகிலங்களின் இரட்சகனாகிய உனக்கு நான் எப்படி உணவளிப்பேன் என்று அவன் திகைப்பான். இன்ன அடியான் உன்னிடம் உணவு கேட்டான். அவனுக்கு நீ அளித்திருந்தால் அதை என்னிடத்தில் கண்டிருப்பாய் என்னும் கருத்தில் மறுமொழி வரும்.

அந்த இன்ன அடியான் எங்கே இருக்கிறான்? நம் கடைக்கு மேலே உள்ள சரிவிலேயே இருக்கக்கூடும். நம் வாசலுக்கு அவன் வரமாட்டான். அவனால் வர இயலாது. ஆகவே, இந்த வாரமே ஒவ்வொருவரும் தம் தெருவிலும் தம் வாடிக்கையாளரிடையிலும் விசாரித்து, தனித்திருக்கும் முதியோரின் இருப்பிடத்தை அறிந்துகொள்வோம். ஜும்ஆவுக்குப் பின் கூடி அமர்ந்து, யார் எந்த வீட்டுக்கு, எந்த நாளில் என்று பங்கிட்டுக்கொள்வோம். ஒரு வீட்டில் தொடங்கினாலும் போதும். தொடங்கியதை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்வாயாக. நீ தந்த உணவை, நடக்க இயலாதோரின் வாசல் வரை சுமந்து செல்லும் வலுவை எங்கள் கால்களுக்கும், அதைப் பிறர் அறியாமல் செய்யும் பக்குவத்தை எங்கள் உள்ளங்களுக்கும் தருவாயாக. கடல் கடந்து இருக்கும் எங்கள் பெற்றோருக்கு அன்புள்ள கைகளை அருகில் அமைத்துத் தருவாயாக. நாங்களும் ஒரு நாள் முதுமையடைந்து கதவைப் பார்த்துக் காத்திருக்கும்போது, அதைத் தட்டும் ஒரு கையை எங்களுக்கும் அனுப்புவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.